25 மணி நேரமும் வேலையா, வேலையோடு பயிற்சியுமா?

சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளில் உள்ள 13 உயர்நிலைப் பள்ளிகளின் பிள்ளைகளுக்காக 2012-இல் நடந்த கோடைக்கால வேலைத் திட்டம் 'ஒன் சம்மர் பிளஸ்'. எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், மணிக்கு 8.25 டாலர். விண்ணப்பித்த 1,634 பேரில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

இடம் கிடைத்தவர்களில் ஒரு பிரிவுக்கு 25 மணி நேரமும் வேலைதான். கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சமுதாயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது, அலுவலக உதவி என்று பலவகை. இன்னொரு பிரிவுக்கு 15 மணி நேரம்தான் வேலை. மீதி 10 மணி நேரம், கோபம் தலைக்கேறும்போது ஒரு நொடி நிற்பது எப்படி, எதிரில் நிற்பவன் என்ன நினைக்கிறான் என்று யோசிப்பது எப்படி என்ற பயிற்சி. அதற்கும் சம்பளம் உண்டு.

இரண்டாவதுதான் ஜெயித்திருக்கும் என்றே நினைத்தேன். ஆனால் ஆய்வாளர் சாரா ஹெல்லர் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, குலுக்கலில் இடம் கிடைத்தவர்களிடம், கிடைக்காதவர்களைவிட 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 43 சதவீதம் குறைவாக இருந்தன. இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குறைந்ததில் பெரும்பகுதி, வேலை முடிந்த பிறகுதான் நடந்தது!

இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒரு வழிகாட்டி. பஸ் வசதி இல்லையா, வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லையா, அவரிடம் சொல்லலாம். சரி, என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்? பயிற்சி தர ஆள் கிடைக்காத ஊரில் தயங்காமல் முதல் வகையைத் தொடங்குவேன். வழிகாட்டியை மட்டும் விட்டுவிட மாட்டேன்.