‘மூணாவது ஸ்டேஜ் பேன்’ என்று சொல்லி 1,350 ரூபாயை உருவிவிட்டார்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப் பேனுக்கு மருந்து வாங்கிப் போனது 1,350 ரூபாய். அதுகூடப் போகட்டும், பாப்பாவின் வலது கண் இன்னும் சிவந்துதான் கிடக்கிறது.

மதுரை செல்லூரில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் பள்ளி டைரியில் ‘பேன் பார்த்து அனுப்பவும்’ என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்கு நான் பட்ட வெட்கம் இருக்கிறதே! பேன் அழுக்கால் வருவதில்லை, அதற்குத் தாவவும் தெரியாது பறக்கவும் தெரியாது, பிள்ளைகள் தலையோடு தலை ஒட்டி விளையாடும்போது ஊர்ந்துதான் ஏறும் என்பதெல்லாம் இப்போது டாக்டர் சொல்லித்தான் தெரிகிறது. மெடிக்கலில் போய்ப் பேன் மருந்து கேட்கக் கூச்சப்பட்டு, ராத்திரி போனில் வந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டேன். ‘ஒரே தேய்ப்பில் பேன், ஈர் இரண்டும் காலி, இல்லையென்றால் பணம் வாபஸ்.’ கடை என்று ஒன்று கிடையாது, வாட்ஸப் நம்பர்தான்.

ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கேதான் விழுந்தேன். “அக்கா, எனக்கும் ரெண்டு பொம்பளப்பிள்ளைங்க, உங்க கஷ்டம் தெரியும்க்கா” என்றாள். பாப்பா பெயரைக் கேட்டாள், முடி எவ்வளவு நீளம் என்று கேட்டாள், காதுக்குப் பின்னால் வகிடு எடுத்து போட்டோ அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு, “இது மூணாவது ஸ்டேஜ் பேன்க்கா. சாதா எண்ணெய்க்கெல்லாம் கேக்காது, கோர்ஸ்தான் எடுக்கணும்” என்றாள். பேனில் ஏது ஸ்டேஜ்? விளக்குத்தூண் கடைவீதியில் ஒரு நைட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்காமல் நகராதவள் நான், மறுபேச்சு இல்லாமல் 1,350 ரூபாயை ஜிபே பண்ணினேன்.

வந்தது ஒரு எண்ணெய் பாட்டில், ஒரு பொடி டப்பா. சனிக்கிழமை ராத்திரி இரண்டையும் குழைத்துத் தேய்த்துப் படுக்கவைத்தேன். ஒரு மணி இருக்கும், “அம்மா, கண்ணு கண்ணு” என்று வீடே அதிர ஒரு கத்தல். லைட்டைப் போட்டால் நெற்றியில் எண்ணெய் வழிந்திருக்கிறது, இமையைத் திறக்கவே முடியவில்லை, தண்ணீராய்க் கொட்டுகிறது. ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிக் கழுவிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எது என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “தலைக்கு என்ன தேச்சீங்க, சீத்தாப்பழ விதையா?” வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கடைசி வரியில் எறும்பு மாதிரி எழுத்தில் அதுதான் இருக்கிறது. அந்த விதைப்பொடி பட்டால் கருவிழியே புண்ணாகிவிடுமாம். அத்தை அசராமல் சொல்கிறார்கள்: “ஊர்ல நாங்களும் அரைச்சுத் தேய்ப்போம்த்தா, ஆனா கண்ணை இறுக்கித் துணியால கட்டிப்புடுவோம்ல.” அந்தத் துணியைப் பற்றி டப்பாவில் ஒரு வார்த்தை இல்லை. லைசென்ஸ் எண், முகவரி, காலாவதித் தேதி எதுவும் இல்லை. மயில் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

சரி, பேனாவது செத்ததா? திங்கட்கிழமை வெள்ளைத் துண்டை விரித்து வாரினேன். எள்ளு எள்ளாகப் பதினொன்று விழுந்தது. அதில் ஏழு நடந்து போனது. ஈர் வைத்தது வைத்தபடி.

போன் பண்ணினேன். முதல் நாள், “மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்க்கா.” இரண்டாம் நாள், “பாப்பா தலையை ஆட்டியிருக்கும்.” மூன்றாம் நாள் வேறொரு ஆண் குரல்: “மேடம், சீல் உடைச்ச பாட்டிலுக்கு ரீஃபண்ட் கிடையாது.” சீலை உடைக்காமல் எப்படியப்பா தலையில் தேய்ப்பது? அப்புறம் மேனேஜர் ஊருக்குப் போய்விட்டாராம். அதற்கப்புறம் வாட்ஸப்பில் அவர்கள் படமே மறைந்துவிட்டது, அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். 1,350 ரூபாய் வருமென்ற நம்பிக்கை இல்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பாப்பாவுக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரமாகிவிட்டது. சுருக்கமாக: பிள்ளைகள் டாக்டர் எழுதியது பெர்மெத்ரின் 1% என்ற பேன் கொல்லும் லோஷன், பத்து நிமிடம் வைத்து அலசச் சொன்னார். ஈர் பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகுமாம், அதனால் ஒன்பதாம் நாள் இன்னொரு தடவை. ‘ஒரே தேய்ப்பு’ என்பது அங்கேயே பொய். நடுவில் பேன் சீப்பால் ஈரத்தலையை வாருவது. வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள் (என் தலையிலும் இருந்தது). மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

இன்று காலை கூரியர் தம்பி கதவைத் தட்டுகிறார். “அக்கா, 850 ரூபா, கேஷ் ஆன் டெலிவரி.” நான் எதுவும் கேட்கவே இல்லை. அதே மயில் படம், கோர்ஸின் அடுத்த பாட்டிலாம். திருப்பி அனுப்பிவிட்டேன். போகிறபோது, “இதே டப்பாவை மீனாட்சிபுரத்துல ரெண்டு வீட்ல இப்பத்தான் குடுத்துட்டு வாரேன்க்கா” என்றார். மீனாட்சிபுரத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பொடியைத் திறக்காதீர்கள்.