விண்வெளித் துறையில் வேலை தேட ஒரு கட்டணச் செயலி: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

நான் சந்தா கட்டி வைத்திருக்கும் வேலை தேடும் செயலி, பண்டிகைச் சலுகையாக வருடச் சந்தாவைப் பாதி விலைக்குக் குறைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரி ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, ராக்கெட் கம்பெனி வேலைக்கு இது உதவுமா? இப்ப வாங்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால் முழுதாக எழுதுகிறேன். செயலியின் பெயர் வேண்டாம். இந்த வகைச் செயலிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

ரெஸ்யூமை மேலே தூக்கிக் காட்டுவது, யார் பார்த்தார்கள் என்று சொல்வது, அலெர்ட் அனுப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. என் பின்னணி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வைப்ரேஷன் டெஸ்டிங், அதாவது பாகங்களைக் குலுக்கித் தாங்குமா என்று பார்க்கும் வேலை பார்க்கிறேன். 2020 ஜூனில் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2022 நவம்பர் 18 அன்று ஸ்கைரூட் என்ற தனியார் கம்பெனியின் விக்ரம்-எஸ் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனதைப் பார்த்த பிறகு, பாகங்களைக் குலுக்கும் என் ஷேக்கர் டேபிளில் ஏறவேண்டியது அந்த மாதிரிப் பாகங்கள்தான் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகுதான் சந்தா கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அலெர்ட் உண்மையிலேயே வேகம். இலவசக் கணக்கில் ஒரு நாள் கழித்து வரும் விளம்பரம் சந்தாக் கணக்கில் சில நிமிடங்களில் வந்துவிடும். என் வாழ்க்கையில் நான் போன மிகச் சிறந்த இரண்டு இன்டர்வியூக்களும் இதன் வழியாகத்தான் வந்தன. ஆனால் 'ஸ்பேஸ்' என்று அலெர்ட் வைக்காதீர்கள். உள் அலங்காரம், வாடகை அலுவலகம், கிடங்கு மேலாண்மை எல்லாம் வந்து கொட்டும். செய்யத் தெரிந்த வேலையின் பெயரை வையுங்கள்: ஸ்ட்ரக்சர்ஸ், தெர்மோ-வேக்குவம் (வெற்றிடத்தில் வெப்பம், குளிர் சோதனை), ஹார்னஸ் (மின்கம்பித் தொகுப்பு), புரொபல்ஷன் (உந்துவிசை), அசெம்பிளி அண்ட் இன்டக்ரேஷன். கம்பெனிப் பெயர்களைத் தனி அலெர்ட்டாக வையுங்கள். எனக்கு ஸ்கைரூட், அக்னிகுல், பிக்ஸல், துருவா, பெல்லாட்ரிக்ஸ் ஆகிய இந்திய விண்வெளிக் கம்பெனிகள் ஐந்துக்கும் தனித்தனியாக இருக்கிறது. இப்படி வைத்த பிறகு குப்பை வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இனி என்னை விடாமல் எரிச்சலூட்டும் விஷயம். செத்துப்போன விளம்பரங்கள்.

உள்ளே ஆள் எடுக்கும் வேலை நின்றிருக்கும். ஆனால் விளம்பரம் மட்டும் திறந்தே இருக்கும், சில வாரங்களுக்கு ஒரு முறை புதுத் தேதியோடு மேலே வரும். உங்களுக்கு அலெர்ட் அடிக்கும். நீங்கள் இரவு உட்கார்ந்து ரெஸ்யூமை அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றி அனுப்புவீர்கள். அதன் பிறகு எதுவும் வராது. இல்லை என்ற பதில்கூட வராது.

ஏன் இப்படி என்று நானே விசாரித்துப் பார்த்தேன், இந்தத் துறைக்குள் இருப்பவர்களிடம் பேசினேன். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சிறிய ராக்கெட் கம்பெனியும் சாட்டிலைட் கம்பெனியும் முதலீட்டுச் சுற்றையும் ஏவுதல் தேதியையும் வைத்துத்தான் ஆள் எடுக்கின்றன. முதலீடு தள்ளிப்போனால் பணியிடமும் தள்ளிப்போகும். ஏவுதல் நெருங்கினால் இன்டர்வியூ எடுக்க வேண்டிய பொறியாளர்கள் எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பார்கள். தாமதத்தின் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அக்னிகுல் தன் சோதனை ராக்கெட்டைப் பல முறை கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டு, 2024 மே 30 அன்றுதான் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து அனுப்பியது. அதில் இருந்தது ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சின். சந்தேகம் வந்ததும் நிறுத்தத் தெரிந்த அந்த நிதானம்தான் நல்ல பொறியியல். அந்த நிதானத்தின் மேல் இருக்கும் மரியாதையில்தான் இந்தத் துறைக்கே வர நினைக்கிறேன்.

ராக்கெட்டை நிறுத்தினால் நிறுத்தினோம் என்று அன்றைக்கே அறிவிக்கிறார்கள். வேலையை நிறுத்தினால் ஏன் ஒரு வரி வருவதில்லை? இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு சாட்டிலைட் கம்பெனி, பெயர் வேண்டாம். மூன்று சுற்று முடிந்தது. கடைசிச் சுற்றில் எப்போது சேர முடியும், நோட்டீஸ் காலம் எவ்வளவு, பெங்களூரில் வீடு பார்க்க உதவி வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். அப்புறம் மௌனம். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, போன் எடுக்க ஆளில்லை. மாதங்கள் போயின. போன வாரம் செயலியில் அலெர்ட் அடித்தது: அதே வேலை, அதே வாசகம், அதே எழுத்துப் பிழையோடு, 'புதியது' என்ற பச்சைப் பட்டையுடன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். விளம்பரத்தின் உள்ளடக்கத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று பதில் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது பாதி சரி. பணியிடம் இருக்கிறதா இல்லையா என்பது கம்பெனிக்குத்தான் தெரியும். ஆனால் பழைய விளம்பரத்துக்குப் புதுத் தேதி போட்டு மேலே ஏற்றும் வசதியை விற்பது செயலிதான். இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர், 'இந்த வேலை முதலில் வந்த தேதி' என்று ஒரு வரி காட்டக் கூடாதா? அந்த ஒரு வரி இருந்தால் என் கோபம் பெரும்பகுதி போய்விடும்.

உயிரோடு இருக்கும் விளம்பரத்தை அடையாளம் காண இப்போது எனக்கு ஓரளவு தெரிகிறது. அதில் வேலை குறிப்பாக இருக்கும். ராக்கெட்டின் எந்த ஸ்டேஜ் (அடுக்கு), எந்தச் சோதனைக் கருவி, எந்த மென்பொருள், யாருக்குக் கீழே வேலை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எழுதியவர் பொறியாளர் என்று படித்த உடனே தெரியும். செத்த விளம்பரத்தில் விண்வெளியின் மேல் தீராத ஆர்வம் வேண்டும் என்று நான்கு வரி இருக்கும், என்ன வேலை என்று ஒரு வரி இருக்காது.

இந்த விஷயத்தில் இஸ்ரோ அறிவிப்பு எவ்வளவோ மேல். இஸ்ரோவுக்கு ஆள் எடுக்கும் வாரியமான ஐ.சி.ஆர்.பி. வெளியிடும் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். எத்தனை இடம், எந்தப் பிரிவு, முதல் வகுப்போடு 65 சதவீதம் அல்லது சி.ஜி.பி.ஏ. 6.84, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், கடைசித் தேதி, எல்லாம் இருக்கும். பொறியாளர் தொடக்கப் பதவிக்கு அண்மைக் கால அறிவிப்புகளில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28. எனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது, அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் கதவு எங்கே இருக்கிறது, எப்போது மூடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூனியர், உனக்கு இன்னும் வயது இருக்கிறது, அதனால் இஸ்ரோ தளத்தையே நேரடியாகப் பார். அதற்கு எந்தச் சந்தாவும் வேண்டாம்.

வெளிநாட்டு வேலைகளையும் இந்தச் செயலி தாராளமாகக் காட்டும். அமெரிக்க ராக்கெட் கம்பெனி வேலைக்கு 'உங்களுக்கு மிகப் பொருத்தம்' என்று வரும். அமெரிக்காவின் ஐடார் என்ற ஆயுத ஏற்றுமதி விதிப்படி அந்த வேலைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அங்கே அகதியாகவோ அடைக்கலம் பெற்றோ இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான். விளம்பரத்தின் அடியிலேயே எழுதியிருப்பார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையும் பொதுவாக உறுப்பு நாட்டவர்களைத்தான் எடுக்கும். அங்கேயும் நிலைமை இறுக்கம்தான். நாசாவுக்காக இயங்கும் ஜே.பி.எல். ஆய்வகம் 2024 பிப்ரவரியில் மட்டும் சுமார் 530 பேரை வேலையை விட்டு அனுப்பியது. செவ்வாய்க்கு வண்டி அனுப்பிய இடத்தின் கதையே அது. இந்த வேலைகளை வடிகட்ட ஒரு பொத்தான்கூடச் செயலியில் இல்லை.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஏன் இத்தனை நாள் சந்தாவை விடாமல் கட்டினேன்? இன்டர்வியூக்கள்தான் காரணம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வாகனத் துறையில் நான் போன இன்டர்வியூக்களில் பாதி நேரம் ஏன் மாறுகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதிலேயே போய்விடும். ராக்கெட் கம்பெனி ஒன்றில் வேறு மாதிரி இருந்தது. என்னைவிட இளையவர் ஒருவர் வெள்ளைப் பலகையில் ஒரு பிராக்கெட் வரைந்தார். அதன் மேல் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி. "இது தாங்குமான்னு பாப்போம் மேடம், கையாலேயே போடுங்க" என்றார். மதியச் சாப்பாடு வரை அந்த ஒரு பிராக்கெட்தான். அது தானாக அதிரும் இயல்பு அதிர்வெண்ணை எடுத்து, குலுக்கலால் வரும் சுமையைத் தோராயமாகத் தரும் மைல்ஸ் சமன்பாட்டில் போட்டு, வந்த ஜி அளவை (புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்பதை) உச்சச் சுமைக்காக மூன்றால் பெருக்கி, அந்தச் சுமைக்கு போல்ட் நிற்குமா என்று பார்த்தோம். உங்கள் ஷேக்கரில் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு அச்சுக்கும் (குலுக்கும் திசைக்கும்) மணிக்கணக்கில் என்றேன். வண்டிப் பாகம் வருடக்கணக்கில் குலுங்க வேண்டும், அதனால் உலோகக் களைப்பைத்தான் (திரும்பத் திரும்பக் குலுங்கி விரிசல் விடுவதை) சோதிப்போம். ராக்கெட்டில் நிமிடக் கணக்குதான், ஆனால் அந்த நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும்.

நாசாவின் காடார்ட் மையம் வெளியிட்ட சோதனைத் தரநிலையை அன்றுதான் அவர் காட்டினார். எந்த ராக்கெட் என்று இன்னும் முடிவாகாத நிலையில், 22.7 கிலோ வரையுள்ள பாகத்துக்குத் தகுதிச் சோதனை (வடிவமைப்பு தாங்குமா என்று மாதிரிப் பாகத்தில் பார்ப்பது) 14.1 ஜி ஆர்எம்எஸ் (குலுக்கலின் சராசரி வலிமை), ஒவ்வொரு அச்சிலும் 2 நிமிடம். அதில் தேறிய வடிவமைப்பில் செய்து பறக்கப்போகும் பாகத்துக்கு 10 ஜி ஆர்எம்எஸ், 1 நிமிடம். சோதித்துப் பார்க்கும் உலோகப் பாகத்துக்குத் தாங்குதிறன் பாதுகாப்புக் காரணி (எதிர்பார்க்கும் சுமையைப் போல எத்தனை மடங்கு தாங்க வேண்டும் என்பது) பொதுவாக 1.4தான், எடையைக் கிராம் கிராமாகப் பார்ப்பதால் தேவைக்கு மேல் வைக்க மாட்டார்கள். பெட்டியை ஒட்டப் பயன்படுத்தும் பசைக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், ஆவியாகிப் பக்கத்தில் படிவது 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆவி கேமரா லென்ஸில் போய்ப் படியும்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டே நாளில் அவரே போன் செய்தார். கணக்கு நன்றாக இருந்தது, ஆனால் இந்த இடத்துக்கு காம்போசிட் (கார்பன் இழை போன்ற கலவைப் பொருள்) அனுபவம் கட்டாயம் வேண்டும், அது உங்களிடம் இல்லை என்றார். பத்து நிமிடம் பேசினார், என்ன படிக்கலாம் என்றும் சொன்னார். ஒரு பொறியாளரை இன்னொரு பொறியாளர் நடத்த வேண்டிய விதம் அதுதான். அன்று இறக்கிய நாசா தரநிலைகளையும் ஐரோப்பாவின் விண்வெளித் தரநிலைகளான இ.சி.எஸ்.எஸ். தொகுப்பையும் இன்றும் படிக்கிறேன். எல்லாம் இலவசம். என் தற்போதைய வேலையே அதனால் மேம்பட்டிருக்கிறது.

ஆக, அந்த இன்டர்வியூவைக் கொண்டுவந்தது இந்தச் செயலிதான். அலெர்ட்டும் வேகம். விலையும் பாதி. இருந்தும் என் பதில்: வாங்காதே. அந்தப் பச்சைப் பட்டையை இன்னொரு முறை பார்க்க நான் காசு கட்டத் தயாராக இல்லை, உன்னையும் கட்டச் சொல்ல மனம் வரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கு என்றுதான் வரும் என்று எனக்கே தெரிகிறது. இருக்கட்டும்.

செயலியில் போகும் நேரத்தை, ராக்கெட்டுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளின் பக்கம் செலவிடு. பெயர் வெளியே தெரிவது ராக்கெட் கம்பெனிகளுக்குத்தான், ஆனால் ஆள் எடுப்பது அதற்குக் கீழே இருக்கும் அடுக்கிலும் நடக்கிறது. இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சினைச் செய்து கொடுப்பவர்களில் ஒருவர் மும்பை கோத்ரெஜ். கோவை எல்.எம்.டபிள்யூ.வுக்கு விமான, விண்வெளிப் பாகங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சென்னையில் பாதுகாப்பு, விண்வெளி எலெக்ட்ரானிக்ஸ் செய்யும் டேட்டா பேட்டர்ன்ஸ் இருக்கிறது. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 2025இல் மத்திய அரசின் விமான நிறுவனமான எச்.ஏ.எல். ஏலத்தில் எடுத்திருக்கிறது. அந்த ராக்கெட்டுக்கான குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தமிழக அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை 10,000 வேலைகளை இலக்காக வைத்திருக்கிறது. அதில் எத்தனை வருகிறது என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தளத்துக்குக் குழாயும் வால்வும் சோதனைக் கருவியும் யாராவது செய்துதான் ஆக வேண்டும். இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரிக்கு இத்தனை வருடமாகப் பாகம் கொடுத்துவரும் சிறு தொழிற்சாலைகள் உண்டு. அவர்களில் பலர் செயலியில் விளம்பரமே போடுவதில்லை. பெங்களூர், சென்னைக் கண்காட்சிகளில் அவர்களுடைய ஸ்டாலுக்குப் போய் நின்று, நீ சோதித்த பாகத்தின் ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசு. எனக்கு அடுத்த வாரம் நடக்கவிருக்கும் இன்டர்வியூ அப்படிப் பேசியதில் வந்ததுதான், இந்த முறை தெர்மோ-வேக்குவம் சேம்பர் வேலை.