குவார்ட்டர்பேக்குகளை அளக்க ஒரு புள்ளிவிவரக் களஞ்சியம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் தலைசிறந்தவர் யார் என்ற வழக்கு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் மோதிரக் கணக்கில் வந்து நின்றுவிடும். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றதற்கான மோதிரங்கள் டாம் பிரேடியிடம் 7, ஜோ மான்டனாவிடம் 4, பெய்டன் மேனிங்கிடம் 2, டான் மரினோவிடம் ஒன்றுமில்லை. ஆகவே தர வரிசையும் அதுவே என்பார்கள். அந்தக் கணக்கின்படி 4 மோதிரங்கள் வைத்திருக்கும் டெர்ரி பிராட்ஷா மேனிங்கைவிடப் பெரியவர் ஆகிவிடுவார். இதை மறுக்க வேண்டுமானால் கையில் ஆதாரம் வேண்டும். அதற்காக நான் சில ஆண்டுகளாக நாடி வரும் தளம் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ். கணிதப் பேராசிரியரான டக் டிரைனன் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளம், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருடைய சீசன்களை ஆண்டு வாரியாக அட்டவணையிட்டு இலவசமாகத் தருகிறது. விளம்பரங்கள் உண்டு, அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குவார்ட்டர்பேக்கின் பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படும் முதல் அட்டவணைப் பத்திகளில் ஒன்று அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஆட்டங்களின் வெற்றி, தோல்விக் கணக்கு. இத்தளத்தில் நான் மிகவும் சந்தேகத்தோடு பார்க்கும் பத்தியும் அதுதான். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக் என்பது உண்மையே. ஆனால் எதிரணி பந்தை வைத்திருக்கும் நேரம் முழுவதும் அவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் உண்மை. கிரிக்கெட்டில் அணித்தலைவரின் வெற்றிக் கணக்கை அவருடைய பேட்டிங் சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு, இரண்டும் ஒரே திறமை என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் அது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பத்தியின் குறையை அம்பலப்படுத்தும் சான்றும் இதே தளத்தில் இருக்கிறது என்பதே இதன் சிறப்பு. பிரேடியின் பிளேஆஃப் ஆட்டங்களின் பட்டியலில் அடுத்தடுத்த ஆண்டுகளின் இரண்டு சூப்பர் பவுல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக எறிந்து முன்னேறியது 505 யார்டுகள், 3 டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டுக்குள் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷனும் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) இல்லை, எறிதலின் தரத்தை மதிப்பிடும் பாஸர் ரேட்டிங் 115.4, முடிவு 41–33 என்ற தோல்வி. 2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 262 யார்டுகள், டச் டவுன் பாஸே இல்லை, ஒரு இன்டர்செப்ஷன், ரேட்டிங் 71.4, முடிவு 13–3 என்ற வெற்றி, ஆறாவது மோதிரம். மோதிரக் கணக்கு இரண்டாவது ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறது. பிரேடி எந்த ஆட்டத்தில் சிறப்பாக ஆடினார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

மேனிங்கின் பக்கம் இதைவிடக் கூர்மையான பாடம். 2013-இல் 55 டச் டவுன் பாஸ்கள், 5,477 யார்டுகள் என்று இரண்டு சாதனைகளையும் படைத்த அவருடைய டென்வர் அணி, சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43–8 என்று நொறுங்கியது. 2015-இல் உடல் தளர்ந்து, 9 டச் டவுன்களுக்கு எதிராக 17 இன்டர்செப்ஷன்கள் எறிந்து, 67.9 என்ற ரேட்டிங்கோடு சீசனை முடித்தார். இடையில் தொடக்க இடத்தையும் இழந்தார். அந்த ஆண்டுதான் டென்வரின் தற்காப்பு அணி அவரைத் தோளில் சுமந்து சென்று இரண்டாவது மோதிரத்தைப் போட்டுவிட்டது. இறுதி ஆட்டத்தில் அவர் எறிந்தது 141 யார்டுகள். சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் தற்காப்பு வீரர் வான் மில்லர். வெற்றிப் பத்தியில் அந்த ஆண்டுக்கு நேரே 7–2 என்று அழகாக எழுதியிருக்கிறது.

அப்படியானால் பாஸர் ரேட்டிங்கை நம்பலாமா? 1973-இல் என்எஃப்எல் ஏற்ற இந்த அளவு, எறிந்தவற்றில் பிடிபட்டவற்றின் விகிதம், ஒரு முயற்சிக்குக் கிடைத்த யார்டுகள், டச் டவுன் விகிதம், இன்டர்செப்ஷன் விகிதம் என்ற நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. ஒவ்வொரு கூறுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவேதான் நிறைவான ஆட்டத்தின் மதிப்பெண் 158.3 என்ற விசித்திரமான இடத்தில் நிற்கிறது. பந்தை எறியாமல் பிடித்துக்கொண்டிருந்து தரையில் வீழ்த்தப்படும் சாக்குகளுக்கு இதில் தண்டனை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் காலம். அன்றைய சராசரி 66.7 என்று வரும்படி அமைத்த கணக்கில் இன்றைய சராசரி 90-ஐ ஒட்டி ஓடுகிறது. 1978-இல் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை முதல் 5 யார்டுகளுக்குப் பிறகு இடித்துத் தடுக்கக்கூடாது என்றும், குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் லைன்மேன்கள் கைகளை நீட்டிக் காக்கலாம் என்றும் விதிகள் மாறின. பாஸ் ஆட்டம் எளிதாகிக்கொண்டே வந்தது. 173 டச் டவுன்கள், 220 இன்டர்செப்ஷன்கள், 65.5 ரேட்டிங் என்ற ஜோ நேமத்தின் பக்கத்தை இன்றைய கண்ணோடு படிப்பவருக்கு அவர் எப்படி மாபெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார் என்பதே புரியாது. ஒரே சீசனில் 4,000 யார்டுகளை முதலில் கடந்தவர் அவர்தான், அதுவும் 1967-இல், 14 ஆட்டங்களில்.

இந்த இடத்தில்தான் இத்தளம் தன் மதிப்பைக் காட்டுகிறது. முதலாவது, திருத்திய நிகர யார்டு என்று நான் தமிழில் சொல்லிக்கொள்ளும் அளவு. மொத்த யார்டுகளோடு ஒவ்வொரு டச் டவுனுக்கும் 20 கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45 கழித்து, சாக்குகளில் இழந்த யார்டுகளையும் கழித்து, எறிந்த முயற்சிகளும் சாக்குகளும் சேர்ந்த தொகையால் வகுக்கிறார்கள். பாஸர் ரேட்டிங்கைவிட இது நேர்மையானது. இரண்டாவது, பலர் கீழே இறங்கிப் பார்க்காமலேயே விட்டுவிடும் திருத்தப்பட்ட பாஸ் அட்டவணை. அதில் ஒவ்வோர் எண்ணும் அந்தந்தக் காலத்து லீக் சராசரியை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1984-இல் மரினோ 48 டச் டவுன் பாஸ்கள் எறிந்தபோது அதுவரை இருந்த சாதனை 36. ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. 2013-இல் மேனிங் 55-ஐ எட்டியபோது தாண்டியது பிரேடியின் 50-ஐ. வெறும் எண்ணிக்கையில் மேனிங் மேலே; சமகாலத்தவரிடமிருந்து விலகி நின்ற தூரத்தில் மரினோவின் அந்த ஆண்டுக்கே என் வாக்கு.

குறைகளும் உண்டு. தனி ஆட்டக்காரருக்கான சாக் கணக்கு 1969-க்கு முன்பு கிடையாது. ஆகவே ஜானி யூனிடாஸ் தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுன் எறிந்த காலத்துக்கு அந்த நேர்மையான அளவைப் பொருத்த முடியாது. ஆட்டோ கிரகாம் 10 சீசன்களிலும் பட்டப் போட்டிக்குச் சென்று 7 முறை வென்றார்; சூப்பர் பவுல் தொடங்கியதோ 1967 ஜனவரியில். மோதிரம் எண்ணுபவர்கள் கிரகாமுக்கு என்ன விடை சொல்வார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேலும், பாஸ் அட்டவணை பாஸை மட்டுமே அளப்பதால் ஓடும் குவார்ட்டர்பேக்குகள் அதில் பாதி உருவமாகவே தெரிகிறார்கள். 2019-இல் 36 டச் டவுன் பாஸ்களோடு 1,206 யார்டுகள் ஓடியும் சேர்த்த லாமார் ஜாக்சனை அறிய ஓட்ட அட்டவணையையும் புரட்டியாக வேண்டும். மான்டனாவின் ரிசீவரான ஜெர்ரி ரைஸ் பிடித்த பந்தில் மான்டனாவின் பங்கு எவ்வளவு, ரைஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பத்தி எதுவும் இங்கே இல்லை.

எல்லாவற்றையும் புரட்டிய பிறகு என் வரிசை இதுதான்: 23 சீசன்கள் தேயாமல் நின்றதற்காக மொத்த வாழ்க்கையில் பிரேடி, வழக்கமான சீசனின் தரத்தில், 5 முறை லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்ற மேனிங், ஒரே ஒரு ஆண்டு என்றால் மரினோ. மூன்று கேள்விகளுக்கு மூன்று விடைகள் வருவதைத் தவறாக நான் நினைக்கவில்லை.

சிக்கலான தேடல்களுக்கு ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை தனியாக உண்டு. ஆட்டக்காரர் பக்கங்களைப் படித்து ஒப்பிட விரும்புபவருக்கு அது தேவைப்படாது. அட்டவணைகள் அகலமானவை என்பதால் கைபேசியைவிடக் கணினித் திரையில் படிப்பது நல்லது. வெற்றி, தோல்விப் பத்தியைக் கடைசியாகப் பாருங்கள்.