எல்லை தாண்டி வரும் சான்று: ஐரோப்பாவின் முன்னுள்ள மூன்று வழிகள்

என்க்ரோசாட் என்ற இரகசியச் செல்பேசிச் சேவையின் சர்வர் பிரான்சின் ரூபே நகரில் இருந்தது. 2020 வசந்த காலத்தில், மென்பொருள் புதுப்பிப்பைப் போல வேடமிட்ட ஓர் உளவு நிரல், பிரான்சின் லீல் நகர நீதிமன்றத்தின் அனுமதியோடு, அந்தச் சர்வர் வழியாகக் கைபேசிகளுக்குள் இறக்கப்பட்டது. பதிவு செய்திருந்த 66,134 பயனர்களில் 32,477 பேர் இதில் சிக்கினர். அவர்கள் 122 நாடுகளில் பரவியிருந்தனர், ஜெர்மனியில் மட்டும் சுமார் 4,600 பேர். அவர்களில் ஒருவருடைய செய்திகள் பெர்லினில் போதைப்பொருள் வழக்கொன்றில் சான்றாக வைக்கப்படும்போது, அவற்றை எந்த நாட்டுச் சட்டத்தைக் கொண்டு உரசிப் பார்ப்பது?

முதல் வழி நம்பிக்கை. சேகரித்த நாட்டில் முறைப்படி எடுத்திருந்தால் இங்கேயும் செல்லும் என்பதே அதன் சாரம். நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 13 அன்று ஏறத்தாழ இதையே சொன்னது: பிரான்சில் நடந்தது பிரெஞ்சுச் சட்டப்படி சரியா என்று டச்சு நீதிபதி ஆராய வேண்டியதில்லை. வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழி கிடையாது. ஆனால், அந்த நிரல் இயங்கிய விதம் பிரான்சில் பாதுகாப்பு இரகசியம். அப்படி மறைப்பதற்கு இடம்தரும் சட்டத்தைப் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் 2022 ஏப்ரலில் செல்லுமென அறிவித்தது. பிரான்ஸ் வெளியிடாததை நெதர்லாந்து கேட்காது என்றால், குற்றம்சாட்டப்பட்டவர் இரண்டு நீதிமன்றங்களுக்கும் நடுவே கைவிடப்படுகிறார். இந்த வழியை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வழியில், கேட்கும் நாடு தன் நடைமுறைகளைக் குறிப்பிட்டு அனுப்ப, செய்யும் நாடு தன் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு முரணாகாதவரை அவற்றைப் பின்பற்றும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் 2000ஆம் ஆண்டுப் பரஸ்பர உதவி ஒப்பந்தமும், ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் சான்று கோரும் ஆணையை வகுத்த 2014ஆம் ஆண்டின் ஐரோப்பியப் புலனாய்வு ஆணை வழிகாட்டுச் சட்டமும் இதைத்தான் வகுத்தன. வழக்கறிஞர் உடனிருக்க ஒரு சாட்சியை விசாரித்துத் தருமாறு முன்கூட்டியே கேட்பதற்கு இது மிகப் பொருத்தமானது. என்க்ரோசாட் விஷயத்திலோ ஜெர்மனி கேட்டது பிரான்சின் கையில் ஏற்கெனவே இருந்த தரவுகளை. எடுத்து முடித்ததற்கு நடைமுறை சொல்லி என்ன பயன்?

மூன்றாம் வழி பொதுவான குறைந்தபட்ச விதிகள். 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை இதற்கான அதிகாரத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிப்படையாகவே தந்தது. சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கான பொதுச் சட்டம்தான் இன்னும் பிறக்கவில்லை. 2023இல் ஐரோப்பியச் சட்டக் கழகம் என்ற சட்ட ஆய்வு அமைப்பு அதற்கு ஒரு முன்வரைவைத் தயாரித்து அளித்தது. தேசியச் சட்ட மரபு சிதையும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தும், ஒரே செயலுக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுவதையும் பார்க்க வேண்டும். ஒட்டுக்கேட்ட உரையாடலைப் பொதுவாகச் சான்றாக ஏற்காத இங்கிலாந்தில், இதே செய்திகள் கைபேசியில் சேமிப்பில் இருந்தவை என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகைப்படுத்தியதால் உள்ளே வந்தன. லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றமோ 2024 ஏப்ரல் 30 அன்று இதே செயலை ஒட்டுக்கேட்பு என்றே கொண்டது.

அதே தீர்ப்பில்தான் மூன்றாம் வழியின் முதல் கல்லும் இருக்கிறது. ஒரு சான்றைப் பற்றித் திறம்பட எதிர்வாதம் செய்யக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு இயலாமல், அந்தச் சான்று வழக்கின் உண்மைகளைப் பற்றிய முடிவில் மேலோங்கிய செல்வாக்குப் பெறக்கூடியதாகவும் இருந்தால், தேசிய நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எது மேலோங்கிய செல்வாக்கு என்பதை இப்போது ஒவ்வொரு நீதிபதியும் தனியே அளக்க வேண்டியிருக்கிறது. வருங்காலச் சட்டம் இந்த அளவுகோலை வரையறுப்பதோடு, சான்றை அனுப்பும் நாடு அது எடுக்கப்பட்ட விதத்தையும் மூலத் தரவின் முழுமையையும் எதிர்த்தரப்பு சோதிக்கும் அளவுக்கேனும் வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும்.