நண்பரோடு சேர்ந்து வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வாடகை வருமானத்துக்காகக் கூட்டாக வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில், உடன் பணிபுரிந்த நண்பரும் நானும் தாம்பரத்தை அடுத்து ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். பாதி விலையான 19 லட்சம் ரூபாயை நான் அவருடைய கணக்குக்கு அனுப்பினேன். மீதிக்கு அவர் வீட்டுக்கடன் வாங்கினார். பத்திரத்தில் என் பெயரும் இருந்தால் வங்கி என்னையும் கடனில் சேர்க்கச் சொல்லும், எனக்கு ஏற்கெனவே வேறு கடன் இருப்பதால் காரியம் கெட்டுவிடும், ஆகவே இப்போதைக்குத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்துகொண்டு பிறகு என் பாகத்தை எழுதித் தருவதாக அவர் சொன்னதை நம்பினேன். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். அதைப் பதிவு செய்யவில்லை. ஒரே பத்திரத்தில் இரண்டு பெயர்களையும் பாக விகிதத்தையும் எழுதியிருந்தால் கூடுதலாக ஒரு ரூபாய்கூட முத்திரைத் தீர்வை ஆகியிருக்காது. பிறகு எழுதித் தருவதென்றால் என் பாகத்துக்கு மறுபடியும் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். அன்றைய நிலையில் அது 7-உம் 4-உமாக மதிப்பில் 11 விழுக்காடு.

ஓராண்டு பாதி வாடகை ஒழுங்காக வந்தது. பின்னர், வீடு காலியாக இருக்கிறது, குழாய் வேலை நடக்கிறது என்று காரணங்கள் வந்தன. 2024 டிசம்பரில் நேரில் போய்ப் பார்த்தபோது, பதினான்கு மாதங்களாக அங்கே ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்த அம்மா வாடகை ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதே வீட்டின் பேரில் இரண்டாவதாக ஓர் அடமானமும் பதிவாகியிருந்தது.

வழக்கறிஞர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. ஒருவர் பணத்தில் மற்றொருவர் பெயரில் வாங்கிய சொத்தில் உரிமை கோருவதற்கு 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் தடையாக நிற்கக்கூடும். மனைவி, மக்கள், உடன்பிறந்தோருக்கு அதில் சில விலக்குகள் உண்டு, நண்பருக்கு இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடுவதே பாதுகாப்பான வழி என்றும், மூன்றாண்டுக் காலவரம்பு முடிய மூன்று மாதமே இருக்கிறது என்றும் அவர் எச்சரித்தார்.

2025 பிப்ரவரியில் வழக்குத் தாக்கல் செய்தேன். வங்கிப் பரிமாற்றச் சான்றும் அந்த முத்திரைத்தாளுமே என் கையில் உள்ள ஆவணங்கள். வாடகை இன்றும் அவருக்கே போகிறது.