ஆறு வாரக் கலை விமர்சனப் பயிலரங்கு: சேரலாமா?

சமகாலக் கலை பற்றி எழுத ஆரம்பித்திருப்பவர்களுக்கான ஆறு வார இணையவழிப் பயிலரங்கு ஒன்றை முடித்துவிட்டு எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் நடத்தியவர்களின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. இரண்டாம் வாரம் ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டு, யார் செய்தது, என்ன பெயர் என்று எதுவும் சொல்லாமல் இருபது நிமிஷம் பார்த்து எழுதச் சொன்னார்கள். அறையின் மூலையில் பளபளக்கும் தாள் சுற்றிய மிட்டாய்கள் குவிந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். 'அழகு', 'ஆழம்', 'உணர்த்துகிறது' மூன்று சொற்களுக்கும் தடை. விழா முடிந்ததும் யாரோ பெருக்கி ஒதுக்கியது மாதிரி இருக்கிறது என்று நான் எழுதினேன். ஒருவர் குவியல் சுவரில் சாய்ந்து ஏறுவதை மட்டுமே ஒரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர், காவலாளி திரும்பினால் ஒன்றை எடுத்துப் பையில் போட்டிருப்பேன் என்று.

அப்புறம்தான் விவரம் வந்தது. ஃபீலிக்ஸ் கோன்சாலெஸ்-டோரஸ் 1991இல் செய்த படைப்பு. மிட்டாய்களின் இலக்கு எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. எய்ட்ஸ் நோயால் இறந்துபோன காதலர் ராஸின் உருவப்படம் அது. பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம், குவியல் கரையும், திரும்ப நிரப்பலாம். இப்போது மறுபடி எழுதுங்கள் என்றார்கள். எல்லோரும் உருகி உருகி எழுதினோம். பயிற்றுநர் இரண்டையும் படித்துவிட்டு, "முதல் தாளில் எட்டுப் பேர் எட்டு விதமாகப் பார்த்திருக்கிறீர்கள், இரண்டாவதில் எட்டுப் பேரும் ஒரே சுவர்க் குறிப்பை எழுதியிருக்கிறீர்கள்" என்றார், கண்காட்சியில் படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்குமே, அந்த விளக்கத்தை. சுருக்கென்று இருந்தது.

கட்டுரைத் திருத்தமும் அப்படித்தான். ஒரு காணொளிப் படைப்பைப் பற்றி 'இருத்தலின் நிச்சயமின்மையை விசாரணைக்கு உட்படுத்துகிறது' என்று எழுதி, நானே மெச்சிக்கொண்டு அனுப்பியிருந்தேன். ஓரத்தில் மூன்று கேள்விகள் வந்தன: திரை எவ்வளவு பெரியது? எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்? எத்தனையாவது நிமிஷத்தில் எழுந்து போனீர்கள்? 18 நிமிஷக் காணொளியில் நான் பார்த்தது ஆறு நிமிஷம். திரும்பப் போய் முழுவதும் பார்த்தேன், பதினோராவது நிமிஷத்துக்கு அப்புறம்தான் அதில் குரலே வருகிறது.

மூன்றாம் வாரக் கோட்பாட்டு வகுப்பு வீண். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோவில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க விமர்சகர் க்ரீன்பெர்க் வரை ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு ஸ்லைடாக ஓடினால் யாருக்கு என்ன நிற்கும்? ஓவியர் விஸ்லரின் வழக்கு மட்டும் நிற்கிறது: 1877இல் ஆங்கிலேய விமர்சகர் ரஸ்கின் அவருடைய ஓவியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டு அடுத்த வருஷம் ஜெயித்தார், கிடைத்த நஷ்ட ஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. கடுமையாக எழுதுவது பற்றி அதை வைத்தே ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம், இரண்டு நிமிஷத்தில் கடந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை, நண்பரின் கண்காட்சியைப் பற்றி எழுதலாமா, கேலரியிடம் காசு வாங்கிக் கையேட்டுக் கட்டுரை எழுதியவர் அதே கண்காட்சிக்கு விமர்சனம் எழுதலாமா என்பதற்கெல்லாம் கடைசி நாளில் கால் மணி நேரம்தான். புதிதாக எழுதுகிறவர் முதலில் இடறுவதே இங்கேதான், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பத்திரிகைகளில் எழுத வழிகாட்டுவோம் என்றது கடைசியில் ஒரு மின்னஞ்சல் பட்டியலாக முடிந்தது. இரண்டு முறை திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், இரண்டாவது வந்தபோது பயிலரங்கு முடிந்து மூன்று வாரம்.

சேரலாமா என்றால், சேரலாம். ஆனால் உங்கள் கட்டுரையை யார் படிப்பார்கள், எத்தனை முறை, எத்தனை நாளில் திரும்பி வரும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழும் உண்டு. என்னுடையதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.