கேவண்டிஷ் கொடிவழிச் சுவர்ப்படம்: மூன்று மாதப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் ஒன்றான, டெவன்ஷையர் டியூக்குகளான கேவண்டிஷ் குடும்பத்தின் கொடிவழியை ஒரே தாளில் அச்சிட்ட சுவர்ப்படம் ஒன்றை அஞ்சலில் வரவழைத்து, மூன்று மாதங்களாக என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். தாளின் தடிமனிலும் அச்சின் தெளிவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இக்குடும்பத்தைப் பற்றிப் படிப்பவர்களை முதலில் திணறடிப்பது பெயர்தான். 1618-இல் ஏர்ல் பட்டம் (டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம்) பெற்றவர் தொடங்கி 1891-இல் மறைந்த ஏழாம் டியூக் வரை, அடுத்தடுத்துப் பட்டம் வகித்த பத்துப் பேருமே வில்லியம் கேவண்டிஷ்கள். தந்தை உயிரோடிருக்கும்வரை மூத்த மகன் ஹார்ட்டிங்டன் மார்க்விஸ் என்று வழங்கப்படுவதால் குழப்பம் இரட்டிக்கிறது. ஏர்லுக்கு ஒரு நிறம், டியூக்குக்கு ஒரு நிறம், வாரிசுக்கு ஒரு நிறம் என்று பிரித்து இதைப் படம் எளிதாகத் தீர்க்கிறது. ஆறாம் டியூக் 1858-இல் மணமாகாமலே இறந்தபின் பட்டம் எப்படித் தாவியது என்பதைச் சொல்லி விளக்கப் புகுந்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும். நான்காம் டியூக்கின் இளைய மகன் ஜார்ஜிடமிருந்து அவருடைய பேரனுக்கு இறங்கும் நீலக் கோடோ அதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

ஆனால் இது பட்டம் போன வழி மட்டுமே. குடும்பம் பரவிய வழியில் பாதி இதில் இல்லை. 1549-இல் டார்பிஷையரிலுள்ள சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கிய சர் வில்லியம் கேவண்டிஷ் பெரிய எழுத்தில் நிற்க, டார்பிஷையர் அவருடைய மனைவி பெஸ்ஸின் சொந்த ஊர்ப்பக்கம் என்பதற்கோ, அவருக்குப் பின்னும் அந்த வம்சத்தைத் தூக்கி நிறுத்தியவர் பெஸ்தான் என்பதற்கோ எந்தக் குறிப்பும் இல்லை. 1748-இல் மணமுடித்துச் சிஸ்விக் மாளிகையும் அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டையும் இக்குடும்பத்துக்கு வந்துசேரக் காரணமான சார்லட் பாயில், கணவரின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கிறார். ஐந்தாம் டியூக்கின் மனைவி ஜார்ஜியானாவுக்கும், பின்னாளில் பிரதமரான சார்லஸ் கிரேக்கும் 1792-இல் பிறந்த எலைசாவுக்கு இடமே இல்லை. திருமணப் பதிவையே அளவுகோலாகக் கொண்ட தயாரிப்பில் அதை எதிர்பார்ப்பது என் பேராசையாகவும் இருக்கலாம்.

பெண்மக்களின் கோடுகளைத் திருமண ஆண்டோடு வெட்டிவிட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான்காம் டியூக்கின் ஒரே மகள் டோரதி 1766-இல் மூன்றாம் போர்ட்லேண்ட் டியூக்கை மணந்தார் என்பதோடு படம் அவரை முடித்துவிடுகிறது. 1803-இல் சென்னை ஆளுநராக வந்து, 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் பதவியிழந்து, பிற்பாடு தலைமை ஆளுநராகி 1829-இல் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்த வில்லியம் பென்டிங் இந்த டோரதியின் மகன். பென்டிங்கின் தம்பி சார்லஸின் பேத்தி செசிலியா. செசிலியாவின் மகள்தான் அரசி இரண்டாம் எலிசபெத்தைப் பெற்ற தாய். படத்தின்படி இவர்கள் யாரும் பிறக்கவே இல்லை.

விடுபட்ட இந்தக் கோடுகளை நானே பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆகவே வாங்குபவர்கள் பளபளப்புப் பூச்சில்லாத தாளையே கேட்டு வாங்குங்கள். விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடமும் இருக்கிறது.